ஒரு கட்டம் மேலேறிய வார்த்தை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் நம் வழக்கம். உன் வீட்டுக்காரிக்குச் சுகமில்லாததால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

உன்னோடு வேலை பார்க்கும் வெல்டர் விடுமுறை முடிந்து நாளை விமானம் ஏறுகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜெபக்கூடத்து ஐயா பேரை எடுத்ததும் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ இணைப்பைத் துண்டித்துவிடுவாய். தாளைத் துண்டிக்க முடியாது. கடைசிவரை படி.

மின்தூக்கி இரண்டு வாரமாக ஓடவில்லை. ஆறு மாடியும் படியில்தான். உன் வீட்டுக்காரி மூன்றாம் மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறாள். ஒருநாளைக்கு மூன்று தடவை மார்பில் உள்ள கட்டியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, சின்னதாகிவிட்டது என்கிறாள். போன புதன்கிழமை என் கையைப் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னாள். தம்பி, அது சின்னதாகவில்லை.

நாலாம் தேதி நடக்கவேண்டிய அறுவைச் சிகிச்சை ஏன் நின்றது என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐயா மேடையில் அவள் பேரைச் சொல்லி அழைத்து, கட்டி கரைந்துவிட்டது, உன் உடம்பில் கத்தி படாது என்று ஆண்டவர் காட்டுகிறார் என்றார். அவள் அழுதாள். நீ அங்கே தங்குமிடத்தில் எல்லோரையும் கூட்டிச் சாட்சி சொன்னாய். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை டைப் செய்தவள் நான்.

ஜெபக்கூடத்தில் என் வேலை என்னவென்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வாசலில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் வேண்டுதல் சீட்டு, மற்றதில் நன்றிச் சீட்டு. வெள்ளிக்கிழமை இரண்டையும் பிரித்து ஒரே அட்டவணையில் டைப் செய்வேன். முதல் பத்தியில் பெயரும் உட்காரும் வரிசையும், அடுத்த பத்தியில் விஷயம். ஐயா மேடையில் கண்ணாடி போடமாட்டார், அதனால் எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். சனிக்கிழமை மதியம் தாள் அவர் கைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டுப் பேரை அழைப்பார். திங்கட்கிழமை தாளை நான் கிழித்துப் போடவேண்டும். ஜெபத்துக்கு உதவியாக என்றுதான் முதலில் சொன்னார்கள். முதல் மாதமே விளங்கிவிட்டது. மென்று விழுங்கிக்கொண்டு எட்டு வருஷம் டைப் செய்தேன்.

ஐயா உன் வீட்டுக்காரியை அழைப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு பேருந்து ஓட்டுநர் ஒரே வேண்டுதலை இரண்டு சீட்டில் எழுதிப் போட்டிருந்தார். இரண்டாவதை நீக்கினேன். விஷயம் இருந்த கட்டத்தை மட்டும் நீக்கிவிட்டு, பெயர்க் கட்டத்தை மறந்துவிட்டேன். அதற்குக் கீழே இருந்த விஷயங்கள் எல்லாம் ஒவ்வொரு கட்டம் மேலேறிவிட்டன. பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றன.

உன் வீட்டுக்காரி பதினேழாவது. அவள் எழுதியது இது: மார்பில் கட்டி, நாலாம் தேதி அறுவை, பயமாக இருக்கிறது. அவள் பேருக்கு எதிரே வந்து உட்கார்ந்தது பதினெட்டாவது ஆளின் நன்றி. அவர் ஒரு தையல்காரர். முதுகுக் கட்டி கரைந்தது, கத்தி படவில்லை, நன்றி என்று எழுதியிருந்தார். முதுகு என்ற சொல்லை மட்டும் ஐயா மேடையில் விட்டுவிட்டார். தற்செயலா பழக்கமா, தெரியாது.

ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பதின்மூன்றாவது ஆள் நம் தெருமுனை கடிகாரம் பழுதுபார்ப்பவர், கல்யாணமே ஆகாதவர். "வீட்டைவிட்டுப் போன உன் மகள் திரும்பி வருவாள்" என்று அவருக்கு வார்த்தை. அவரும் இரண்டு கையையும் தூக்கி ஆமென் என்றார். பதினாறாவது நம் வாசல் காவலாளி. அவருக்கு, நாலாம் தேதியைப் பற்றிப் பயப்படாதே என்று வந்தது. நாலாம் தேதி முழுக்க அந்த மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மறுநாள் என்னிடம், "நேத்து எனக்கு என்ன நடக்க இருந்துச்சுக்கா?" என்று ரகசியமாகக் கேட்டார். உன் வீட்டுக்காரியின் பயம் அவருக்குப் போயிருந்தது.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. நகல் இந்த உறையில் இருக்கிறது. பெயருக்கு நேராகக் கோடு போட்டுப் பார்த்துக்கொள்.

அந்த வார்த்தைகளைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே ஐயாவிடம் போனேன். தொண்டைக்காக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அறையில் வாசனைத் திரவியமும் ஈரக் கம்பளமும் கலந்த அந்த நாற்றம். நடந்ததைச் சொன்னேன். திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"கழுதை வாயைத் தொறந்து பேச வெச்சவரு, உன் விரலை வழுக்க வைக்கமாட்டாராம்மா?" என்றார்.

எனக்கும் பழைய ஏற்பாடு தெரியும். அந்தக் கழுதை தாளைப் பார்த்துப் பேசவில்லை. வழியில் வாளோடு தூதன் நிற்பதைத் தன் கண்ணால் பார்த்து, அடியும் வாங்கிக்கொண்டு, எஜமானின் உயிரைக் காப்பாற்றியது. இங்கே கழுதை நான்தான். எட்டு வருஷம் வாய் திறக்காத கழுதை. அவரிடம் அப்படியே சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். ஒன்றைத் திருப்பி வாங்கினால் நாளைக்கு எதை நம்புவார்கள் என்று கேட்டார். ஆண்டவருக்கு வீடு கட்ட நினைத்த ராஜாவிடம், மனசில் உள்ளபடி செய் என்று ஒரு தீர்க்கதரிசி சொல்லிவிட்டு வரவில்லையா என்று நான் திருப்பிக் கேட்டேன். அன்று ராத்திரியே, நீ சொன்னது நான் சொன்னதல்ல என்று அவனுக்கு வார்த்தை வந்தது. அவன் திரும்பிப் போய் ராஜாவின் முகத்துக்கு நேரே மாற்றிச் சொன்னான். அதற்காக யாரும் அவனை நம்பாமல் போகவில்லை. இதையும் சொன்னேன். "நீ பிரசங்கத்துக்கே வந்துடலாம்" என்று சொல்லிவிட்டு, தாளைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். தாளைக் கொடுக்காமல், ஜெபக்கூடச் சாவிக்கொத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆண்டவர் பேசுவார் என்பதை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பேசினார் என்று நம்புவதால்தான் இத்தனை குமட்டல். அந்தக் காலத்துத் தீர்க்கதரிசிகளுக்கு அவர் வார்த்தை வந்தபோது ஒருவன் நான் திக்குவாயன் என்றான், ஒருவன் நான் சின்னப் பிள்ளை என்றான், ஒருவன் கப்பலேறி ஓடிப் பார்த்தான். சொல்லாமல் அடக்கினால் எலும்புக்குள் நெருப்பு மாதிரி எரிகிறது என்று ஒருவன் அழுதான். அவர்களில் யாருக்கும் சனிக்கிழமை மதியம் தாள் போகவில்லை. ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வார்த்தையைத் திருடிக்கொண்டு ஆண்டவர் பேரைச் சொல்பவர்களும் வேதத்தின் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்கும்போதெல்லாம் அது வேறு யாரையோ பற்றி என்று பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரியிடம் தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "அண்ணி, இந்த ஒரு வருஷத்துல எனக்குக் கெடச்ச நல்ல வார்த்தை இது ஒண்ணுதான். இதையும் தப்புன்னு சொல்லாதீங்க" என்றாள். அதற்குமேல் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நீ சொன்னால் மட்டும் மருத்துவமனைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ சொல்லமாட்டாய் என்ற தைரியம்.

நீ சொல்லமாட்டாய் என்றுதான் நானும் பயப்படுகிறேன். அதனால் இன்னொன்றையும் எழுதியாகவேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், கடல் தாண்டி ஒரு கதவு திறக்கிறது என்று ஐயா உன்னை அழைத்தாரே, அந்த வேண்டுதல் சீட்டை உனக்காகப் பெட்டியில் போட்டவள் நான். அதை டைப் செய்ததும் நான். நீ கம்பளத்தில் முகம் புதைத்து அழுதாய். எனக்கு அருவருப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். வேலை உனக்குக் கிடைத்தது உன் கைத்திறமையால். ஆனால் அன்றைக்கே நான் வாய் திறந்திருந்தால், இன்றைக்கு அவள் மேடையைப் பார்த்து நம்பியிருக்கமாட்டாள்.

மருத்துவர் நல்லவர். வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார். இப்போது எடுத்தால் கட்டியோடு போகும், தள்ளிப்போட்டால் சொல்வதற்கில்லை என்றார். அவர் ஆண்டவர் பேரைச் சொல்லவில்லை.

இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிடு. ஐயாவைத் திட்டவேண்டாம், தாளைப் பற்றியும் பேசவேண்டாம். ஆண்டவர் எனக்கும் காட்டினார் என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதே, அது அவளைப் போகவைக்கும் என்றாலும். எனக்குப் பயமாக இருக்கிறது, நீ எனக்கு வேண்டும், போய்விட்டு வா என்று உன் வாயால், உன் வார்த்தையாகச் சொல். அவளுக்கு இதுவரை அதை யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நான் அவள் கூடவே இருப்பேன், அவள் பேசாவிட்டாலும். என்மேல் உள்ள கோபத்தை அதற்குப் பிறகு எழுது. எத்தனை பக்கமானாலும் படிப்பேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. அவளையும்.

உன் அக்கா