ஓகுரா கோல் போடாத ஆட்டம்

பபேடான், யாங்கோன்
5 அக்டோபர் 2025

ஹன்னா அக்காவுக்கு,

நெட் ஒழுங்காக இல்லை. ஒசாகா திரும்பும் உன் சிநேகிதி ரேவதி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் நலம். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் பேச வேண்டும், பேசுகிறேன்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற ஓகுராவைத் தேடிப் பார்த்தேன். ஜப்பான் ஃபுட்பாலில் இரண்டாம் டிவிஷன், பிறகு மூன்றாம் டிவிஷன். டிஃபெண்டர். இத்தனை வருஷ ஆட்டத்தில் போட்ட கோல் மூன்று. இப்போது ஓய்வு. நான் இன்வெர்ட்டர் மாட்டுகிறவன். பழைய சரக்கைத் திறந்து பார்க்காமல் யார் வீட்டிலும் வைக்க மாட்டேன். நம் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று ஃபாதர் கேட்பாரே, அப்போது எழுந்து நிற்பேன். எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

கிறிஸ்டோபர்

ஒசாகா
26 அக்டோபர்

என் கிறிஸ்டோவுக்கு,

படித்ததும் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது.

இங்கே கிளப் கைவிட்ட ஆட்டக்காரர்களை வருஷக் கடைசியில் ஒரே மைதானத்தில் இறக்கி ஆடவிடுவார்கள். மற்ற கிளப்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால் ஃபோன் வரும். அவரும் போனார். ஒவ்வொருத்தனும் தன்னைக் காட்டிக்கொள்ளப் பந்தோடு ஓட, இவர் மட்டும் பக்கத்திலிருந்த பையனுக்கு எங்கே நிற்பது என்று கத்திக்கொண்டே இருந்தாராம். அவனுக்கு ஃபோன் வந்தது. இவருக்கு வரவில்லை. "அங்கே போய் ஏன் கத்தினீர்கள்?" என்று கேட்டேன். "கத்தாவிட்டால் கோல் விழுந்திருக்கும்" என்றார்.

இப்போது நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் பெரியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார். அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறார். நம் கோயிலில் அப்பா இடத்தில் நின்று என்னைப் பீடம்வரை கைப்பிடித்துக் கூட்டிப்போக உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பார்த்துவிட்டுச் சொல்.

உன் அக்கா
ஹன்னா

பபேடான்
30 நவம்பர்

அக்காவுக்கு,

வந்தார். போன ஞாயிறு மிங்கலாடோன் மைதானத்தில் எங்கள் கடை அணிக்கு ஆட்டம். அவரைக் கேட்காமலே பெயர் கொடுத்து, ஜப்பான் ப்ரொஃபெஷனல் வருகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நல்ல கூட்டம். மனுஷன் பாதி மைதானத்தைத் தாண்டவே இல்லை. நீ சொல்லிக்கொடுத்த "வா, போ, நில்லு" மூன்றையும் வைத்துக் கத்திக்கொண்டே இருந்தார். "கிறிஸ்டோண்ணே, உங்க மாப்பிள்ளை என்ன டிராஃபிக் போலீஸா?" என்று டீக்கடை உதுமான் கேட்டதில் எனக்கு மானம் போயிற்று. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

எங்கள் கோல்கீப்பர் ரஹ்மத்துல்லா வழக்கமாக நாலைந்து கோல் வாங்குவான். "இன்னைக்கு எனக்கு வேலையே இல்லைண்ணே, சும்மா வெயில்ல நின்னேன்" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டு மாடிப்படியில் அவர் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினார். முழங்கால் வீங்கியிருந்தது. முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். "பெயர் கொடுத்துவிட்டீர்களே" என்றார்.

எனக்கு ஆட்சேபம் இல்லை. உன்னைக் கூட்டிப்போகிறேன்.

கிறிஸ்டோ

ஒசாகா
14 டிசம்பர்

கிறிஸ்டோபர்,

இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்ன கால் அது. மறுபடி ஆபரேஷன். ஆளைத் தூக்க முடியாதென்றால் இந்த வேலையும் போகும். பயணம் ஆகாது, கல்யாணம் இங்கேதான். உன்னால் வர முடியாது என்றும் தெரியும்.

அவருக்கு உன்மேல் கோபமில்லை. எனக்கு இருக்கிறது. நம் கோயிலில் ஓலைக்குப் பெயர் கொடு, அந்தச் சான்றிதழ் இங்கே கேட்கிறார்கள். பதில் எழுத வேண்டாம்.

ஹன்னா

பபேடான்
11 ஜனவரி 2026

அக்கா,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். ஆட்சேபம் கேட்டபோதெல்லாம் கோயில் முழுக்க என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபாதர் கொடுத்த சான்றிதழ் இத்துடன் இருக்கிறது.

பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமென்று என் வயது ஆம்பிளைகளை நாட்டைவிட்டு வெளியே விடுவதில்லை. உன்னைக் கூட்டிப்போக வேறு ஆள் பார்த்துக்கொள். மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன். உனக்கு அது போதாது.

ஒன்று மட்டும். பூசையில் மாப்பிள்ளை முழங்காலிட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தே வாக்குக் கொடுக்கலாம், செல்லும், ஃபாதரிடம் கேட்டுவிட்டேன். அவராக வாய் திறக்க மாட்டார். நீ முன்னாலேயே நாற்காலி போடச் சொல்.

தம்பி