இரண்டு முறை போன பெட்டிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ போனை எடுக்காததால்தான் இந்தக் கடிதம். கிழிக்காமல் கடைசி வரை படி.

புது வேலை பிடித்திருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடு. உன் அத்தானுக்குச் சளி விட்டுவிட்டது. வேலை சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது.

இனி விஷயம். நீ நம் ஆலையை விட்டுக் கிளம்பிய வாரம் உன் கையால் கதிர்வீச்சு அறைக்குள் போன சிரிஞ்சு பெட்டிகள் நாற்பது. கிருமி சாக ஒரு முறை போதும். அன்று என் சோதனை மேசையில் ஒரு சிரிஞ்சை வளைத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, கையெழுத்தும் போட்டேன். இந்தப் பிளாஸ்டிக் அப்படித்தான். கதிர் பட்ட அன்று ஒன்றும் காட்டாது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே இற்றுக்கொண்டிருக்கும். போன வாரம் ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்பியது மஞ்சள் பாரித்திருந்தது. விரல் வைக்கும் விளிம்பை அழுத்தினேன், சுள்ளி மாதிரி படக்கென்று முறிந்தது. நல்லவேளை, மருந்து ஏற்றும்போதே நர்ஸ் பார்த்துவிட்டாராம். மீதியையும் வரவழைத்துவிட்டோம்.

இரண்டு மடங்கு கதிர் பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தேன். கதிர் பட்டால் சிவக்கும் பெட்டிச் சீட்டு ஒரு முறை போனாலும் சிவப்பு, பத்து முறை போனாலும் சிவப்பு, எத்தனை முறை என்று சொல்லாது. அதனால் கிடங்கு அண்ணன்தான் போன பெட்டியையும் போகாத பெட்டியையும் கலந்து மறுபடி உள்ளே அனுப்பிவிட்டார் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று வழியில் பார்த்தேன். கலந்த ஞாபகமே இல்லையேம்மா, வயசாகிவிட்டதோ என்று என்னிடமே கேட்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடேய், ‘சீட்டின் சிவப்பு வெளிறித் தெரிந்தது, எதற்கும் இருக்கட்டுமென்று பெட்டிகளை இன்னொரு தடவை உள்ளே தள்ளினேன், சுத்தம் கூடினால் நல்லதுதானே’ என்று உன் துணிப்பெட்டி கட்டும்போது சிரித்துக்கொண்டே சொன்னவன் நீ. ஊருக்குப் போகிறவனின் அரட்டை என்று நானும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறவள் அப்படி விட்டிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை விசாரணை. நான் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், தெரிந்தும் ஒரு வாரம் வாய் மூடியிருந்ததையும் சேர்த்து. என் வேலை போனால் போகட்டும். ஆனால் உன் தப்பை நான் சொல்லி அவர்கள் கேட்கக் கூடாதடா. நீயே வந்து சொல். கண்டபடி திட்டுவார்கள், நான் பக்கத்தில் நிற்பேன்.

ஞாயிறு சாயங்காலம் அத்தான் பஸ் நிலையத்துக்கு வருவார். முதல் பஸ்ஸில் நீ இல்லாவிட்டாலும் கடைசி பஸ் வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

நல்லா இருடா கண்ணா. வந்துவிடு.

என்றும் உன்
அக்கா