முழங்கால் உயர வரப்பு

மாசி, முதல் வெள்ளி.

இன்று காலை, அறுப்பு முடிந்து கிடந்த தம்பியின் நிலத்தில் ஒரு சின்னப் பயிற்சி விமானம் இறங்கியது. இன்ஜின் நின்றுவிட்டதாம். ஓட்டி வந்த பெண் பூப்போலத்தான் இறக்கினாள். ஆனால் ஓடி வந்த வேகத்தில், அவன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே உள்ள வரப்பில் சக்கரம் தட்டிக் குப்புறக் கவிழ்ந்தது. அவளுக்குக் கால் ஒடிந்துவிட்டது.

முன்பு அந்த வரப்பு ஒரு சாண்தான் இருந்தது. பாகம் பிரித்த கோபத்தில், அவன் மாடுகூட என் பக்கம் வரக்கூடாதென்று நான்தான் மண் போட்டு முழங்கால் உயரத்துக்கு ஏற்றினேன். ஆறு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. இன்று இருவரும் சேர்ந்துதான் அவளை வெளியே தூக்கினோம். அப்போதும் பேசவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி, "இவ்ளோ உயரமா யாருப்பா போட்டது?" என்று கேட்டார்.

தம்பி முந்திக்கொண்டான். "எங்க நைனா காலத்துலேர்ந்தே இப்டித்தான் கீது சார்."

அவர் அதை எழுதிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறதோ, யாரைக் கேட்பது? தம்பியைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவன் வரப்பைத் தாண்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு உயரம் காலைத் தூக்க வேண்டியிருந்தது அவனுக்கு.