யாரும் தொடாத இன்ஜின்

மார்ச் 3, செவ்வாய்

காரைப் பார்க்க இன்று ஒருவர் வந்தார். வந்தவுடன் கேட்டது, "சார் இல்லையா?" கார் என்னுடையது, விற்பதும் நான்தான் என்றேன். "பரவால்ல, சார் வந்ததும் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்தார். டயரை உதைத்தால் என்ன தெரியும் என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை. பிறகு உள்ளே உட்கார்ந்து, ஏசி துவாரத்தில் விரலை விட்டு, அந்த விரலை மோந்து பார்த்தார். அருவருப்பாக இருந்தது. பாதி அவர்மேல், பாதி கார்மேல்.

ஏனென்றால் மோந்து பார்க்க வேண்டிய நிலையில்தான் அது இருக்கிறது. கூரைத் துணி தொங்கித் தலைமுடியில் உரசுகிறது. கதவு ரப்பரில் பூஞ்சை. ஆசைப்பட்டுப் போட்ட பந்தயக் கார் சீட்டு கிழிந்து, உள்ளிருக்கும் பஞ்சு பொடியாக உதிர்கிறது. இறங்கினால் பின்பக்கமெல்லாம் மஞ்சள் தூள். பார்வைக்கு மளிகை வாங்கப் போகும் சின்னக் கார், உள்ளே அடங்காத டர்போ இன்ஜின். அந்த முரண்தான் பிடித்து வாங்கினேன். உயரத்தைக் குறைத்தேன், சைலன்சரை மாற்றினேன், எல்லாவற்றுக்கும் மேலாக ரீமேப். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதி, அதே இன்ஜினிடமிருந்து கூடுதல் சக்தி கறக்கும் வேலை. அக்கா வீட்டுக்காரர் செய்து கொடுத்தது. பட்டறை வைத்திருக்கிறார், இந்த வேலையில் பேர் பெற்றவர்.

இப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டாள்: "இந்தக் காரா, முதுகா, ஒண்ணைச் சொல்லுங்க." முதுகைச் சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

நிறுத்துமிடத்தில் மறுபடி எண்ணெய்க் கறை. கீழ்வீட்டு அம்மாள் அதன்மேல் மணலைக் கொட்டி, மணல்மேல் ஒரு துடைப்பத்தையும் சாத்தி வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

பல் டாக்டர் ஒருவர் வந்தார். மரியாதையானவர். பழைய கார்களைச் சோதித்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று, மிதித்த உடனே எப்படி இழுக்கும், மேம்பாலத்தில் எப்படி ஏறும் என்று அளந்துகொண்டிருந்தேன். ரீமேப் என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"எந்த ரீமேப் மேடம்?"

"இந்த வண்டிக்குப் பண்ணினது."

"இதுல யாரும் கையே வெக்கலையே. கம்பெனிய விட்டு வந்தப்ப என்ன இருந்துச்சோ அதேதான் இருக்கு."

"சரியாப் பாருங்க."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. பல் டாக்டர் என்னைப் பார்த்தார்: தினமும் இரண்டு வேளை தேய்க்கிறேன் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல. "விளம்பரத்துல போட்டிருந்தீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கணக்கை மாற்றவே இல்லையென்றால், இத்தனை வருடம் என் காலடியில் துள்ளியது எது?

மார்ச் 9, திங்கள்

பிஸ்கட் தொழிற்சாலையில் ருசிப் பரிசோதனைப் பிரிவை நடத்துகிறவள் நான். ஒரே அடுப்பில் வெந்த பிஸ்கட்டை இரண்டு தட்டில் வைத்து, வேறு வேறு எண் ஒட்டி நீட்டுவது என் வேலை. "இதுல வெண்ணெய் வாசனை கொஞ்சம் தூக்கல்" என்று சொல்கிறவர்களை வலிக்காமல் குழுவிலிருந்து கழற்றி விடுவேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையாகவே அவர்களுக்கு மணக்கிறது. அதுதான் பார்க்கச் சகிக்காது.

இன்று கணக்குப் பிரிவிலிருந்து வந்த புதிய பெண், கண்ணை மூடி மென்று, இடது தட்டுதான் மொறுமொறுப்பு என்றாள். அவளைக் கழற்ற மனம் வரவில்லை. கழற்றினேன்.

என்னை யார் கழற்றுவது?

மார்ச் 11, புதன்

அத்தான் பட்டறைக்குப் போய், ரீமேப் செய்யவே இல்லையாமே என்றேன். ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"யார் சொன்னது?"

"லேப்டாப் சொல்லுச்சு அத்தான்."

கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். மறுக்கவில்லை, அதையாவது எழுதி வைக்கிறேன்.

"அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேன்னுடுச்சு. கம்பெனிக்காரன் பூட்டு போட்டு வெச்சிருந்தான். அப்ப இருந்த கருவி எதுக்கும் மசியல. நீ வேற வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாத்துட்டே இருந்த. சரி, ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும், வந்ததும் சொல்லிக்கலாம்னு சாவியக் குடுத்தேன்."

"வந்ததும் சொல்லலையே."

"நீ வந்து நின்ன கோலத்த நீ பாக்கல. 'அத்தான், இது வேற கார்'னு குதிச்ச. பட்டறைப் பசங்க எல்லாரும் நிக்கறாங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"பதினோரு வருஷமா?"

"காசு வாங்கலையேம்மா நான்."

காசு வாங்கவில்லையாம். வாங்கியிருந்தால் திட்டவாவது முடியும். அந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நல்லவனின் மூஞ்சி.

மாடியில்தான் வீடு. சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தாள். "ஒரு தகர டப்பாவுக்காகவாடி இவர நிக்க வெச்சுக் கேள்வி கேக்குற? உன்ன ஏமாத்தி இவர் கோட்டையா கட்டிட்டாரு?"

"உனக்கு இது தெரியுமா?" என்றேன்.

அக்கா புடவைத் தலைப்பை எடுத்து ஒரு வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 12, வியாழன்

தெரிஞ்சிருக்கு. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நான் போறப்ப எல்லாம் 'அத்தான் கை வெச்ச வண்டி'ன்னு பீத்திக்கிட்டு — ஆள் பிடிச்சு அனுப்பி — அப்ப எல்லாம் டீயக் கையில குடுத்துட்டு உள்ள போய்ச் சிரிச்சிருக்கா. ரெண்டு பேரும். சீ. இவளிடமா நான் எல்லாவற்றையும் சொல்லி வந்தேன்?

மார்ச் 14, சனி

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சொல்லத்தான் பயமாக இருந்தது. ரீமேப் ஆன அன்றே ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். அதற்காக, இவருக்குப் பின்பக்கத்தில் உணர்ச்சியே கிடையாது என்று ஊர் பூராவும், சொந்தக்காரர்கள் முன்னாலும் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. "அப்ப என் பின்பக்கம் சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். மறுபடி நறுக்கினார். அவ்வளவுதான். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மாலையில் நானே எடுத்துக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனேன். மிதித்தேன். கார் செத்துக் கிடக்கிறது. வழக்கமான மேம்பாலத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரிபோல முக்கிக்கொண்டு ஏறியது. போன வாரம் துள்ளிய அதே இன்ஜின். ஒரு திருகுகூட மாறவில்லை. எது பொய் — துள்ளியதா, முக்கியதா? என் உடம்பே எனக்குக் குமட்டுகிறது. காதில் விழுவதை எல்லாம் நம்பி ஆடும் உடம்பு.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவின் அழைப்பு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. எடுக்கவில்லை. நாங்கள் இத்தனை நாள் பேசாமல் இருந்ததே இல்லை. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வருகிறது.

விளம்பரத்தில் இன்னும் 'ரீமேப் செய்யப்பட்டது' என்ற வரி இருக்கிறது. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை?

மார்ச் 22, ஞாயிறு

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் வந்தான். வந்த உடனே என்னை 'அக்கா' என்றான். சாரைக் கேட்கவில்லை, டயரை உதைக்கவில்லை. ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். மேம்பாலத்தில் மிதித்துவிட்டு வாயைத் திறந்து சிரித்தான்.

"அக்கா, ரீமேப் அப்படியே தெரியுது. முதுகுல கைய வெச்சுத் தள்ற மாதிரி."

எனக்கு லாரிபோல முக்கிக்கொண்டு ஏறிய அதே மேம்பாலம்.

நான் பேசவில்லை. சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்து, இன்னொரு சிவப்பு வரும்வரை பேசவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி உடைப்பது? காசுக்காக இல்லை, சத்தியமாக இல்லை. சந்தோஷமாகத்தானே இருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றியது. அத்தானுக்கும் இதேதான் தோன்றியிருக்கும். அது உறைத்ததும் வாயில் கசப்பு ஏறியது. அவரைப் புரிந்துகொள்ள எனக்கு இஷ்டமே இல்லை.

சொல்லிவிட்டேன். முழுக்கவும்.

நம்பவில்லை. "நீங்க தினம் ஓட்டி மரத்துப்போச்சுக்கா. புதுசா உக்காந்தவனுக்குத்தான் தெரியும். அந்த லேப்டாப்காரன் விலையக் குறைக்க அடிச்சு விட்டிருப்பான்." நான் விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றதும் முதன்முறையாகச் சந்தேகம் வந்து, "எங்கயாவது இடிச்சிருக்கீங்களா?" என்றான்.

வேறொருவர் சோதித்துச் சொல்லாமல் விற்க மாட்டேன் என்று அடித்துச் சொன்னேன்.

"அப்ப ஒருத்தர் இருக்கார்க்கா. இந்த வேலையில இந்த ஊர்லயே அவர அடிச்சுக்க ஆள் கிடையாது. அவர் சொல்லட்டும், நம்பறேன்."

யாரைச் சொல்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 28, சனி

பட்டறையில் வண்டியை விட்டதும் அத்தான் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பையன், "இந்தக்கா ரீமேப்பே இல்லங்கறாங்க சார், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றான். வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்றார்கள். ஆமாம் இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையன் நம்புவான், வண்டி போய்விடும், அவர் பேரும் கெடாது. அப்படிச் சொன்னால் அக்காவோடும் அதோடு முடிந்தது என்று நின்றேன்.

அவர் லேப்டாப்பை எடுக்கக்கூட இல்லை. "இல்ல தம்பி. பண்ணித் தர்றேன்னு வாங்கி வெச்சுட்டு, முடியாம, முடிஞ்சதுன்னு இவளை நம்ப வெச்சவன் நான்தான்" என்றார். வேலைக்காரர்களில் ஒருவன் ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இப்ப அந்தப் பூட்டத் திறக்கறதுக்குக் கருவி வந்துடுச்சு. வேணும்னா நிஜமாவே பண்ணித் தர்றேன்" என்றார் அத்தான்.

செய்தார். மத்தியானம் வரை ஆயிற்று. நான் வெளியே சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை. அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பையன் சாவியை வாங்கிக்கொண்டு போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கினான். அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைபோல.

"எப்படிப்பா இருக்கு?"

பையன் தலையைச் சொறிந்தான். "முன்னாடி மாதிரியேதான் சார் இருக்கு."

அத்தான் அப்படியே நின்றார். எனக்கு அப்போதும் குமட்டியது — கார், பட்டறை, இத்தனை வருடப் பீற்றல், எல்லாம் சேர்ந்து. ஆனால் பக்கத்தில் அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

பையனுக்கு வண்டி வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. அங்கேயே கொடுத்துவிட்டேன். அவன் தெருமுனை திரும்பும்வரை சைலன்சர் அசிங்கமாகக் கத்திக்கொண்டே போனது. அதையா சங்கீதம் என்று நினைத்தேன்?

அத்தான் கொண்டுவிடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அக்கா நிறுத்தம் வரை கூட வந்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சியா?" என்றேன்.

"இதவிட அதிகமா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் ராத்திரி எல்லாம் அவரப் போட்டு வதைச்சேன், போய்ச் சொல்லுங்க, போய்ச் சொல்லுங்கன்னு. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததில்தான் வந்தேன்.