ஏழாவது குழியை மாற்றுகிறவர்

என்னங்க,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. நம் கோல்ஃப் மைதானத்தில் யாரோ திருட்டு வேலை பார்க்கிறார்கள்.

இவ்வளவு கஷ்டமான மைதானம் வேண்டாம் என்று ஆட வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதால், உங்கள் வேலையை இப்போது பார்க்கிற நான் ஏழாவது குழியைச் சாயங்காலம் சமதரையில் வெட்டிவைக்கிறேன். காலையில் பார்த்தால் அதை மூடி, மணல்பள்ளத்தின் விளிம்பில், பந்து நிற்கவே நிற்காத இடத்தில் புதிதாக வெட்டியிருக்கிறது. அதை மாற்றக்கூடாது என்று சண்டை போட்டு வேலையையும் வீட்டையும் விட்டுப் போனீர்களே, அதே இடம்.

முதலில் மேனேஜர்மேல்தான் சந்தேகம். ஆள் வராவிட்டால் இழுத்து மூடி நிலத்தை விற்றுவிடலாமே! நேராகவே கேட்டேன். "எனக்குப் புல்லும் பாயும் ஒண்ணுதாம்மா. நான் எங்க குழி வெட்டறது?" என்றார். அடுத்து புல்வெட்டும் வண்டி டிரைவர். அவர் முழங்கால் மடங்கவே மடங்காது.

இன்று மூடிய குழியைத் தடவிப் பார்த்தேன். பதித்த புல், சுற்றியுள்ள புல் சாய்ந்த பக்கமே சாய்ந்திருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் அழுத்திய தடம். அப்படி மூடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளிம்பிலேயே வெட்டித் தருகிறேன். மற்ற நாள் மைதானம் பிழைக்கட்டும்.

இதைத் தபாலில் போடவில்லை. இன்று சாயங்காலம் சமதரையில் வெட்டுகிற குழிக்குள்தான் வைக்கிறேன். மைதானம்வரை வருகிறவருக்கு வீட்டுக்கு வழி தெரியாதா? பின்கதவைத் தாழ் போடவில்லை.

கோபம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி