செம்பு என்று நம்பிய கம்பி

என் உயிரான செல்வி அப்பாவுக்கு,

உங்களிடம் கோபமாக எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. உங்கள் திவசம் முடிந்த மறுவாரம் மாஹிம் மீனவர் குடியிருப்பான கோலிவாடாவிலிருந்து படகுக்காரர் தாமு பாவு வந்தார். அவர் படகு இஞ்சினில் நீங்கள் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொடுத்த அந்தப் பழைய டைனமோதான். புது பேட்டரி மாற்றியும் சார்ஜ் ஏறவில்லையாம். நடுக்கடலில் லைட்டும் வயர்லெஸும் செத்துப்போய், வேறு படகு வந்து இழுத்து வந்ததாம்.

நான் மாஹிம் கரைக்குப் போனபோது, உங்களோடு குர்லா பட்டறையில் கூட்டாளியாக இருந்த ஆறுமுக அண்ணாச்சியும் பார்க்க வந்தார். டைனமோவைத் தொடக்கூட இல்லை.

"தங்கச்சி, சொன்னா வருத்தப்படாத. அவன் செம்பு போட்டிருக்க மாட்டாம்லா. வெல கம்மின்னு அலுமினியம்தான்."

"செத்தவரு எந்திச்சு வந்து பதிலா சொல்லப் போறாருன்னு பேசுதியளோ அண்ணாச்சி?"

கரையில் எல்லாரும் பார்க்கத்தான் கேட்டேன். பிறகு நீங்கள் சொல்லித்தந்தபடி இஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். டைனமோவில் பதினாலு வோல்ட் காட்டியது, பேட்டரியில் பன்னிரண்டுகூட இல்லை. அப்படியென்றால் நடுவில்தானே கோளாறு? மீன்பிடி சீசன் பூஜைக்கு இஞ்சின் முழுக்க நீல பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே எர்த் வயரை முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் கரண்டை விடாது; அதைச் சுரண்டி இரும்பு தெரிய மாட்டினேன். மீட்டர் ஏறியது.

"பாத்தியளா, பெயிண்டுதான் அண்ணாச்சி. ஒங்க அலுமினியம் எங்க?"

எனக்கு உங்களைத் திரும்பப் பெற்ற மாதிரி இருந்தது.

இஞ்சின் சூடானது. மீட்டர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. திரும்ப ஏறவே இல்லை.

டைனமோவைக் கழற்றித் தாராவிக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் பிரித்து, பிளேடால் கம்பியைச் சுரண்டினேன். மேல்பூச்சு செம்பு நிறம். உள்ளே வெள்ளை, அலுமினியம்.

ஏன் செய்தீர்கள்? செல்வி படிப்புக்குக் காசு மிச்சம் பிடிக்கவா? மிக்ஸி மோட்டார் காயில் எல்லாம் வீட்டில் என் கையால் கட்டவைத்தீர்கள், படகு வேலையை மட்டும் பட்டறைக்கே கொண்டுபோனீர்கள். இடம் போதாது என்றீர்கள். நம்பினேன். எனக்குத் தெரிந்தால் விடமாட்டேன் என்றுதானே ஒளித்தீர்கள்? நீங்கள் செத்ததற்கு அழுதது ஒரு அழுகை. இது வேறு. இதை யாரிடம் போய் அழுவேன்?

செல்வி சொல்கிறாள், "விடும்மா, செம்புல கட்டிக் குடுத்துருவோம். அப்பா பண்ணது யாருக்குத் தெரியப் போவுது?"

உங்கள் கையால் கட்டிய டைனமோ இன்னும் எத்தனை படகில் இருக்கிறதோ, அந்த ஆட்களுக்குத் தெரியவேண்டாமா?

நாளைக்குக் காலையில் மாஹிம் போகிறேன். ஆறுமுக அண்ணாச்சியைத் திட்டிய அதே இடத்தில் நின்று உண்மையைச் சொல்வேன். நீங்கள் தொட்ட டைனமோ ஒவ்வொன்றையும் கழற்றி வாங்கி, செம்பில் கட்டிக்கொடுப்பேன். இது சத்தியம். உங்கள் பேர் போகும். போகட்டும், கடலுக்குப் போன ஆள் திரும்பி வரணும்.

இன்னமும் உங்கள் பெண்டாட்டி,
இசக்கியம்மாள்