கற்சரிவின் கீழே ஓர் ஊற்று

ஜூன் 9

அன்புள்ள ஈயம்,

கல்லூரி ஆய்வகத்தில் உனக்கு வைத்த பெயர் இன்னும் பொருந்துகிறது. கனம் அதிகம், லேசில் கரையமாட்டாய். அன்றிலிருந்து இன்றுவரை தொழிற்சாலையில் ஈயத்தையே அளந்துகொண்டிருப்பவனுக்கு வேறு பெயர் எதற்கு?

இங்கே மலையில் குளிர் விட்டுவிட்டது. முழங்கால் வலி மட்டும் விடவில்லை. ஏப்ரலில் நீ வந்துபோனபின் எழுதவேயில்லை என்று கோபமாக இருப்பாய். நீயும்தான் எழுதவில்லை. அன்று ஓடையிலிருந்து திரும்பினால் உன் போர்வை மடித்து வைத்திருந்தது, பை இல்லை. ஒரு நாள் முன்னதாகவே கிளம்பியதற்குக் காரணம் என்னவென்று இன்னும் எனக்குத் தெரியாது.

அந்த வாரம் நான் ஏன் ஓடையிலேயே கிடந்தேன் என்று அப்போது சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன். சமவெளியின் வண்டிப் புகையும் வயல் உரத்தின் ஆவியும் காற்றோடு மேலே வந்து, குளிர்காலம் முழுக்கப் பனியின் மேல் நைட்ரஜனாகப் படிகின்றன. பனி உருகத் தொடங்கும் முதல் சில நாட்களிலேயே அதில் பெரும்பகுதி நைட்ரேட்டாக ஓடைக்கு வந்துவிடும். அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அதற்குப் பிறகு புல்வெளி விழித்துக்கொண்டு நைட்ரஜனை உறிஞ்சிவிடும். கோடையில் ஓடை கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்த வருடம் குறையவில்லை. ஏறுகிறது. எனக்குப் புரியவில்லை.

சளி குறைந்ததா?

உன்
மழைமானி

*

ஜூன் 20

மாண்புமிகு மழைமானி அவர்களுக்கு,

சளி போய்விட்டது. நானும் போகிறேன். எங்கள் தொழிற்சாலையின் இன்னொரு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், செப்டம்பரில் சேர வேண்டும். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ சிக்னலுக்காகப் பாலம் வரை நடந்து வருவாய், வந்ததும் இருவரும் சண்டை போடுவோம். கடிதம் என்றால் ஒட்டுவதற்கு முன் வேண்டாத வரிகளை அடித்துவிடலாம்.

புது ஊரில் தரகர் இரண்டு வீடு காட்டினார். ஒன்று, கடைக்கு மேலே ஒற்றை அறை. இன்னொன்று இரண்டு அறையும் ஒரு பால்கனியும். "சார், வீட்டுல அவங்க வருவாங்களா மாட்டாங்களா? அதைச் சொன்னாத்தானே எதை முடிக்கிறதுன்னு தெரியும்" என்றார். "தெரியலைங்க" என்றேன். அவர் பார்த்த பார்வையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

உன் வேலை இலையுதிர்காலத்தோடு முடிகிறது. அதன் பிறகு என்ன? நீ அங்கேயே நீட்டிப்பு வாங்குவாயா, என்னோடு வருவாயா? மாற்றல் வரும் என்று அப்போதே பேச்சு இருந்தது. இதைத்தான் ஏப்ரலில் நேரில் கேட்க வந்தேன், கேட்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் தரகருக்குச் சொல்ல வேண்டும்.

மகள் விடுதியிலிருந்து பேசினாள். "அம்மாகிட்ட கேட்டா ஆமா, இல்லைன்னு வராதுப்பா. வரைபடம்தான் வரும்" என்கிறாள்.

உன்
ஈயம்

*

ஜூலை 3

அன்புள்ள ஈயம்,

மாற்றல் செய்தி கிடைத்தது. பதவி உயர்வோடா, வெறும் மாற்றலா? எழுதவில்லையே.

வரைபடம் அனுப்பக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. மேலே ஏரி, நடுவில் புல்வெளி, கீழே பாலம் என்று எல்லா இடத்திலும் நைட்ரேட் அதிகம். அதுவும் ஒழுங்காக இல்லை. ஒரு வாரம் ஏரியில் எகிறுகிறது, அடுத்த வாரம் அங்கே தணிந்து பாலத்தில் எகிறுகிறது. மேலே இருந்து வருவதென்றால் வரிசையாக வர வேண்டாமா? நடுவில் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது?

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டிலில் வெறும் சுத்த நீரை நிரப்பி, மற்றவற்றோடு மலை ஏற்றி இறக்கி, அதையும் ஆய்வுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அதில் ஏதாவது தெரிந்தால் தப்பு எங்களுடையது. அதில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் மலைதான். கற்சரிவுகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பழைய பனிக்கட்டி உருகுகிறதோ என்று ஒரு யோசனை. கற்களிடையே நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உண்டாக்குகின்றன, உறிஞ்ச அங்கே புல் இல்லை என்று இன்னொரு யோசனை. இரண்டுமே இந்தக் குதிப்பை விளக்கவில்லை.

எங்கள் ஆய்வு நிலைய இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "பெரிய விஷயம்மா இது, கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிடுங்க" என்றார். பெரிய விஷயங்களின் மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அனுப்பிவிட்டேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஓடை ஒரு முடிவுக்கு வரட்டும்.

உன்
மழைமானி

*

ஜூலை 15

அன்புள்ள மழைமானி,

ஓடை முடிவுக்கு வரும்வரை காத்திருப்பாரா என்று தரகரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

வெறும் மாற்றல்தான். உயர்வெல்லாம் இல்லை.

ஏன் ஒரு நாள் முன்னால் கிளம்பினேன் என்று கேட்டாய். சொல்கிறேன். அந்த வாரம் நீ என்னிடம் பேசியதெல்லாம் "டார்ச் எங்கே", "கதவைச் சாத்து", "சாப்பிட்டுப் படு". குறை சொல்லவில்லை, உனக்கு வேலை. நானும் சும்மா இருக்கவில்லை. கிடங்கு அறையில் உன் பாட்டில்களையெல்லாம் இறக்கி, என் ஆய்வகத்தில் செய்வதைப் போலவே அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்துத் திரும்ப அடுக்கினேன். அமிலம்கூட அலமாரியின் அடித்தட்டிலேயே இருந்தது. உங்கள் சுத்த நீரை வீணாக்க வேண்டாமே என்று பார்த்துப் பார்த்து ஒரே ஒரு முறை அலசினேன். முதுகு ஒடிந்துவிட்டது. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அலமாரி பூட்டியிருந்ததால் அதை மட்டும் தொடவில்லை.

நீ வந்தாய். நான் கழுவி அடுக்கியவற்றிலிருந்தே நான்கு பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். ஒரு வார்த்தை இல்லை. இனி நான் இங்கே எதற்கு என்று தோன்றியது. அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பதில் எழுது.

ஈயம்

*

ஜூலை 26

ஈயம்,

கடிதத்தை வாங்கிய இடத்திலேயே, தபால் ஜீப் பக்கத்தில் நின்றபடி படித்தேன். பிறகு நேராகக் கிடங்கு அறைக்குப் போனேன். அடித்தட்டில் இருப்பது நைட்ரிக் அமிலம். முன்பு பாறைகளை ஆராய வந்தவர் விட்டுப்போனது.

ஈயம் தேடுகிறவனுக்கு அதில் கழுவுவதுதான் சரி. நான் தேடுவது நைட்ரேட். எதைத் தேடுகிறேனோ அதிலேயே என் பாட்டில்களைக் கழுவி, அரைகுறையாக அலசி வைத்திருக்கிறாய். சுத்த நீருக்கான பாட்டில்கள் அந்தப் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. அதனால்தான் அவை மட்டும் ஒன்றும் காட்டவில்லை. எந்த வாரம் எந்த இடத்தில் அமிலம் அதிகம் மிஞ்சிய பாட்டில் என் கைக்கு வந்ததோ, அந்தந்த வாரம் அந்தந்த இடம் எகிறியிருக்கிறது. இரண்டு மாதமாக நான் மலையோடு வாதாடவில்லை, உன் கைவேலையோடு வாதாடியிருக்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு சீட்டாவது ஒட்டியிருக்கக் கூடாதா? இயக்குநரிடம் நான் என்ன சொல்வேன், கணவர் ஆசையாகக் கழுவிவிட்டார் என்றா?

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள மழைமானி,

தப்பு என்னுடையதுதான். பழக்கத்தில் கை தானாக அந்த அமிலப் பாட்டிலுக்குப் போய்விட்டது. லேபிளைப் படித்தேன். படித்தும் தோன்றவில்லை. உன் பாட்டில்கள் என்றுதான் நினைத்தேனே தவிர, அவற்றில் நீ எதை அளக்கிறாய் என்று யோசிக்கவில்லை. இயக்குநருக்கு நானே எழுத வேண்டுமென்றால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம்கூட. வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். நேற்று ஒற்றை அறை வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கீழே தையல் கடை. பகல் முழுக்க மெஷின் சத்தம் கேட்கும், பரவாயில்லை. தரகருக்கு நிம்மதி. மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே சொன்னாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு ஏறு.

ஈயம்

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள ஈயம்,

நீ எழுத வேண்டாம். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். "யாரும்மா கழுவினது?" என்று இயக்குநர் கேட்டார். "வீட்டுல" என்றேன். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் தேநீர் வரவழைத்தார்.

புதுப் பாட்டில்கள் வாங்கி எல்லா இடத்திலும் மறுபடி எடுத்தேன். ஏரி, புல்வெளி, பாலம் மூன்றும் கோடையில் இருக்க வேண்டியபடி அடங்கிவிட்டன. அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. கற்சரிவின் கீழே ஓர் ஊற்று இருக்கிறது, நான் தண்ணீர் எடுக்கும் நாலாவது இடம். நீ வந்த அன்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாயே, அந்த இடம். அது மட்டும் இறங்கவில்லை. பாட்டிலை மாற்றினேன், கையுறையை மாற்றினேன், வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் இந்த வருடப் பனியே அல்ல, கற்களுக்கு அடியில் வருடக்கணக்காக நின்று மெதுவாக வருவது என்று ஒரு சந்தேகம். அப்படியானால் இன்றைக்கு வருவதற்கும் இன்றைக்குப் பெய்ததற்கும் சம்பந்தமில்லை. எந்த வருடத்துத் தண்ணீர் என்று தெரியாமல் நான் எதையும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் மேஜையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நீட்டிப்புக்கு எழுதவில்லை.

இன்னொன்று. பாட்டில்கள் அன்று பளபளவென்றிருந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நீ நினைத்திருக்கிறாய். நானே எப்போதோ கழுவி வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் வேறு யாராவது செய்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது ஏன் என்று யோசிக்கிறேன். விளங்கவில்லை.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் எனக்கு ஒரு விவரம் வேண்டும். அந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம்? ஜன்னலை ஒட்டிய சுவரின் நீளத்தை அளந்து எழுது. என் மேஜையை நீ பார்த்திருக்கிறாய், நீளமானது. உன் கட்டிலை எதிர்ச் சுவரோடு தள்ளிப் போட்டு, இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறதா என்றும் பார். நடக்க வழி விட வேண்டும்.

குத்துமதிப்பாகச் சொல்லாதே. டேப் வைத்து அள, இரண்டு முறை.

உன்
மழைமானி